ஈரத் தாள்

பழைய புத்தகத்தில் யாரோ எப்போதோ போட்ட ஹைலைட்டர் கோடு ஈரமாக இருக்க வழியில்லை. அண்ணனின் பழைய புத்தகக் கடையில், பின்னறை மேசையில் உட்கார்ந்து ஆறு வருடமாகக் கோடு அழிக்கிறவளுக்கு அது தெரியும். காய்ந்து, வெளுத்து, ஓரத்தில் பழுப்பேறிய மஞ்சள்தான் வரும். பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் நனைத்து, எழுத்து கலையாமல் ஒரே திசையில் மெதுவாக இழுத்தால், மூன்றாவது இழுப்பில் போய்விடும். இந்தப் புத்தகத்திலோ குச்சியைத் தொடுவதற்கு முன்பே அவள் கட்டைவிரல் மஞ்சளாகிவிட்டது. கோடு வெதுவெதுப்பாகவும் இருந்தது.

குழந்தை வளர்ப்பைப் பற்றிய தடித்த புத்தகம். மற்ற பக்கங்களெல்லாம் கைபடாதவை. ஒரே ஒரு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு கோடுகள்.

"என்ன, கைய வச்சுக்கிட்டு ஜோசியமா பாக்குற?" அண்ணன் வாசலில் குடையோடு நின்றான். "நாலு மணிக்கு இத வாங்க அந்தம்மா வந்துடுவாங்க. புதுசு மாதிரி இருக்கணும்."

"ஒரு தாள்லதான் இருக்கு, அண்ணே."

"ஈரம் காயறதுக்குள்ள எதையாவது எழுதித் தொலைக்காத. போன மாசம் பேனா மை அப்படியே ஊறி அந்தப் பக்கமும் நாசமாச்சு. மறந்துட்டியா?"

அவள் பதில் சொல்வதற்குள் மேலே தட், தட் என்று குதிக்கும் சத்தம். கூரைப் பலகை இடுக்கிலிருந்து தூசி மேசைமேல் கொட்டியது.

"மொதல்ல மேல குதிக்கிற உன் வால அடக்கு. அண்ணி அந்த ரூம் வேணும்னு தினமும் உயிர எடுக்குறா. எத்தன நாளைக்குத்தான் நான் காது கேக்காத மாதிரி இருக்கிறது?"

சாப்பிடப் போகும்போது எப்போதும் செய்வதுபோல் ஷட்டரை இழுத்து வெளியே பூட்டிக்கொண்டு போனான். அவளைத் தனியே விட்டால் எவனாவது வந்து புத்தகத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவானாம்.

மழை ஷட்டரில் சரளைக்கல் கொட்டுவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. பகல் இரண்டு மணிக்கே கடை முழுவதும் இருட்டிக் கிடக்க, மேசை விளக்கின் வட்டத்துக்குள் மட்டும் வெளிச்சம் இருந்தது. அதைச் சுற்றி ஈரத்தில் உப்பிய காகிதத்தின் வாடையும், சாற்றின் புளிப்பும், எங்கோ செத்த பல்லியின் லேசான நாற்றமும். பின்னறையிலிருந்தே மாடிக்குப் படிகள் ஏறின. மேலே அவளும் ஒன்பது வயது மகளும் குடியிருந்த ஒற்றை அறை. மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் வாலு காலையிலிருந்து கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள், தானே கட்டிய ஏதோ ஒரு பாட்டை மூக்கால் பாடியபடி.

கொஞ்சம் சும்மா இருந்தால்தான் என்ன, என்று நினைத்தபடியே அவள் முதல் கோட்டில் குச்சியை வைத்தாள். 'இந்த வயதில் குழந்தை தனக்குத் தானே பாடிக்கொள்ளும்.'

மூன்று இழுப்பு. மஞ்சள் பஞ்சில் ஏறியது. மேலே பாட்டு பாதியில் அறுந்தது. கயிறு மட்டும் தரையில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பாடா, என்றுகூட நினைத்தாள்.

'ஓரிடத்தில் நிற்காது, குதிக்கும், ஓடும்.' அந்தக் கோடு அகலம் என்பதால் சாறு கூடுதலாகத் தேவைப்பட்டது. துடைத்து முடித்தபோது தூசி விழுவது நின்றிருந்தது. மூன்றாவதையும் துடைத்துவிட்டு, ஊற வேண்டும் என்று நான்காவதன்மேல் நனைத்த பஞ்சை வைத்தாள். ஏதோ ஒன்று குறைகிறது என்ற உணர்வு பிடரியில் ஊர்ந்தது. மூன்றாவது வரியை இப்போதுதான் படித்தாள். 'கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லும்.'

"ஏய் வாலு!"

மழை.

"கண்ணு, தூங்கிட்டியாடி?"

படியேறினாள். மகள் அறை நடுவில் நின்றிருந்தாள். கயிறு இரண்டு கையிலும் தொங்கியது. முகம் சுவரைப் பார்த்திருந்தது. தோளைத் தொட்டு உலுக்கியபோது மரத்தை உலுக்குவது போலிருந்தது. கண் திறந்திருந்தது, அதில் ஆள் இல்லை. மார்பு மட்டும் ஏறி இறங்கியது; ஏறியது இறங்க நேரமானது; அடுத்தது ஏற இன்னும் நேரமானது. உதடு நீலம் பாரித்தது.

பஞ்சு. நான்காவது கோட்டின்மேல் பஞ்சு ஊறிக்கொண்டிருக்கிறது.

எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. பஞ்சைத் தட்டிவிட்டாள். அதற்கடியில் மஞ்சள் ஒரு நூல் அளவுதான் மிச்சமிருந்தது. 'மூச்சு சீராக வந்துபோகும்.' அண்ணனின் மேசையில் ஹைலைட்டர் கிடந்தது. மூடியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு ஈரத் தாளில் அழுத்திப் போட்டாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மேலே, தண்ணீரிலிருந்து தலை தூக்கியவள் போல மகள் மூச்சை இழுத்தாள். மூன்றாவது கோடு.

"வாலு?"

"என்னம்மா?"

அவள் அழுதாள், சிரித்தாள். இரண்டாவது. முதலாவது. கால்கள் தட், தட் என்றன. பாட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. அண்ணன் வந்து கத்தட்டும், அறையைப் பிடுங்கட்டும், தெருவில் நிறுத்தட்டும். தாளைக் கையில் தூக்கி ஊதினாள். விளக்கு தாளின் வழியே தெரிந்தது.

மை ஊறியிருந்தது.

திருப்பினாள். அந்தப் பக்கத்தில் கைக்குழந்தைகளைப் பற்றிய அத்தியாயம் முடிந்திருந்தது. சாறு அதிகம் ஊறிய இரண்டு இடத்தில் மஞ்சள் கசிந்து, இரண்டு வரிகளை நனைத்திருந்தது. குதிப்பதற்குப் பின்னால்: 'கைகளை ஊன்றித் தவழ்ந்து வரும்.' மூச்சுக்கு நேர் பின்னால்: 'ஈறு அரிப்பதால், வாயில் சிக்கியதை எல்லாம் கடிக்கும்.'

மேலே குதிக்கும் சத்தம் நின்றது.

படியில் உள்ளங்கை ஒன்று பதிந்தது. பிறகு இன்னொன்று. பாட்டு இறங்கி வந்தது.

"அங்கேயே இரு கண்ணு. வராத."

"என்னம்மா?" செல்லமான குரல். அவளுடைய குரலேதான்.

தலை முதலில் வந்தது. முடி படியைப் பெருக்கிக்கொண்டு. ஒன்பது வயது உடம்பு, முழங்கை வெளிப்பக்கம் மடங்கி, தலைகீழாக. வாய் திறந்து மூடியது. கைப்பிடிக் கட்டையில் பல் பதிந்தது. மரம் முறிந்தது. துப்பவில்லை.

ஷட்டருக்கு வெளியே பூட்டு.

கையில் பஞ்சுக் குச்சி. கடிக்கும் வரியைத் துடைக்கலாம். மூன்று இழுப்பு போதும். ஒரே தாள். ஒரே ஈரம். துடைத்தால் மூச்சும் போகும்.

குச்சி வரிக்குமேல் நின்றது. பஞ்சின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. வெளிச்சத்துக்குள் மகளின் முகம் வந்தது. கண்ணில் இப்போது ஆள் இருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. மகள் மேசை விளிம்பில் மோவாயை வைத்தாள். மூச்சு அம்மாவின் விரல்களில் பட்டது, வெதுவெதுப்பாக, சீராக.

"கண்ணு..."

"என்னம்மா?"

உதடுகள் மஞ்சள் கட்டைவிரலைச் சுற்றி மூடின. அம்மா குச்சியைத் தாளில் இறக்கவில்லை. எலும்பு முறியும் சத்தத்துக்கு நடுவிலும், வாய் நிறைய விரலோடு, பாட்டு தொடர்ந்தது.