திருத்தில்லத்தில் ஓர் இடம்

"ஏட்டி, இன்னைக்காவது எதையாவது களவாண்டியா?"

மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் செண்பகம் கேட்டாள். பாளையங்கோட்டையில் மாலை நேரத்தில் எல்லா வீட்டு வாசலிலும் கேட்கும் கேள்விதான்.

யாழிசை தலையைக் குனிந்துகொண்டாள். "பஸ்ல ஒரு மாமா பையிலேருந்து பர்ஸ எடுத்தேம்மா."

செண்பகத்தின் முகம் மலர்ந்தது. "பொறவு?"

"பாவமா இருந்துச்சு. அவர்ட்டயே குடுத்துட்டு, தேங்க்ஸ் மாமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

உள்ளே இருந்த அவள் அப்பா ஆவுடையப்பன் சுவர் நாள்காட்டியைப் பார்த்தார். நாளை மறுநாள் திருத்தில்லத்துக்கான விசாரணை. இந்தப் பெண் எங்கே தேறப் போகிறாள்?

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. நாட்டில் அப்போது இரண்டு வகைப் பள்ளிகள். ஊட்டுப்பள்ளியில் ஆசிரியர் கிடையாது. சுவரில் வரிசையாக மாடக்குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, பிடரியில் பாடவூட்டி என்ற கருவியைப் பொருத்துவார்கள். பாடம் தானாக மூளைக்குள் இறங்கும். பக்கத்துக் குழியில் இருப்பவன் பெயர் கடைசிவரை தெரியாது. ஆவுடையப்பனின் அண்ணன் மகன் அங்கே முதல் மதிப்பெண் வாங்கியவன். சோறு வேணுமா என்று கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நெல்லின் தாவரவியல் பெயரைச் சொல்வான். வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லமாட்டான்.

மற்றது திருத்தில்லம். வழிதவறிய பிள்ளைகளுக்கு மனிதத் துணை கட்டாயம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அங்கே மட்டும் நிஜ ஆசிரியர்கள், நிஜ வேப்பமரங்கள், விளையாட ஒரு மைதானம். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசலாம். அங்கே படித்தவர்களுக்கு மனிதர்களிடம் பேசத் தெரிகிறது என்று கண்டுகொண்ட கம்பெனிகள், வாசலிலேயே நின்று அள்ளிக்கொண்டு போயின. பெற்றோர்கள் விடுவார்களா?

வழிதவறலுக்கு மூன்று அடையாளங்கள் என்று அறிஞர் குழு ஒன்று மாநாடு மாநாடாகக் கூடி, முந்திரி பக்கோடா தின்று கண்டுபிடித்திருந்தது. பள்ளிக்கு மட்டம் போடுதல், கெட்ட சேர்க்கை, போதை. கூடவே களவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அறிஞர்கள் அதை எச்சரிக்கையாக எழுதினார்கள். பெற்றோர்கள் சிலபஸாகப் படித்தார்கள்.

யாழிசைக்கு அடுத்த வாரம் பதினைந்து வயது முடிகிறது. அதற்குமேல் திருத்தில்லத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லி இதுவரை அவளை ஊட்டுப்பள்ளிக்கு அனுப்பாமல் தள்ளிக்கொண்டு வந்தார் ஆவுடையப்பன். இனி அந்தப் பொய்யும் செல்லாது.

மறுநாள் பயிற்சி மையத்துக்கு ஓடினார். 'ஒளிவிளக்கு வழிதவறல் பயிற்சி மையம்' என்ற பலகையின் கீழே, சென்ற ஆண்டு மாநில முதலிடம் பெற்ற திருடி படத்தில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுவனர் குற்றச்செம்மல் முனைவர் வேதநாயகம், வாழ்நாளில் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாதவர்.

"அட்டெண்டன்ஸ் மோசம், அது நல்ல விஷயம். கெட்ட ஃப்ரெண்ட்ஸ் நாங்களே ஏற்பாடு பண்ணிட்டோம், ஃபீஸ்லயே வருது. மூணாவதுலதான் பொண்ணு வீக் சார். ரத்தத்துல ஒண்ணுமே இல்லியே!"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்தார். நகம் அகலத்தில் நாலு வில்லைகள். மயக்கொட்டு என்ற போதைச் சரக்கு. பிடரியில் ஒட்டினால் போதும், தோல் வழியே இறங்கும்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"சார், சீட் வேணுமா வேண்டாமா?"

அந்தக் கேள்விக்கு எதிரே நின்று பேசிய தகப்பன் இந்த மண்ணில் இன்னும் பிறக்கவில்லை.

விசாரணை நாள் காலையில் யாழிசையின் பின்னலை ஒதுக்கி, அவரே ஒரு வில்லையை ஒட்டினார்.

"அப்பா, பயமா இருக்குப்பா."

"ஒரே ஒரு தடவதாம்மா. இத மட்டும் தாண்டிட்டா வாழ்க்கையில செட்டில்."

மிச்ச வில்லைகளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். சற்று நேரத்தில் யாழிசை சிரித்தாள். எத்தனையோ நாளாக அவர் பார்க்காத சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பது தன்னைப் பார்த்து அல்ல, தனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்து என்று புரிந்தபோது தன் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

விசாரணைக் கூடத்தின் நடைவழியில் நெரிசல். ஒரு தாய் மகனுக்குக் கெட்ட வார்த்தைகளைக் கடைசி நேரமாகத் திருப்பிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நீதிபதி இல்லை. நடுவி என்கிற தீர்ப்பு இயந்திரம், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டி மாதிரி உயரத்தில் உட்கார்ந்திருந்தது.

"பள்ளிக்கு ஏன் வரவில்லை?"

"அப்பா காய்ச்சல்னு சொல்லிட்டாங்க."

"உன் நண்பர்கள் யார்?"

"சென்டர்ல குடுத்தாங்க. பேரு ஞாபகமில்ல."

"உன் இரத்தத்தில் போதைப்பொருள் இருக்கிறது. எப்படி வந்தது?"

யாழிசை திரும்பிப் பார்த்தாள். தைரியமாகச் சொல் என்று ஆவுடையப்பன் கையைக் காட்டினார்.

"அப்பா ஒட்டிவிட்டாங்க."

பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. "மூன்று அடையாளங்களும் உறுதியாகின்றன."

செண்பகம் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"ஆனால் குழந்தையிடம் அல்ல. பள்ளியைத் தடுத்தவர், தீய சேர்க்கையாக வாய்த்தவர், போதை கொடுத்தவர், மூவரும் ஒருவரே. பிள்ளையைக் கெடுத்தவரைத் திருத்தில்லத்தில் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு, வயது வரம்பின்றி. தந்தைக்கு அனுமதி வழங்கப்படுகிறது. குழந்தை நாளை முதல் ஊட்டுப்பள்ளி."

யாழிசை ஓடி வந்து அப்பாவை இறுகக் கட்டிக்கொண்டாள். அவர் நெஞ்சில் முகம் புதைத்தாள். அவர் வாய்விட்டு அழுதார். காவலர் வந்து பிரித்து, நடைவழியாக அழைத்துப் போனார்.

பெற்றோர் கூட்டம் மொய்த்துக்கொண்டது. "அண்ணாச்சி, சீட்டு கிடைச்சிட்டாமே! எந்த சென்டர்?"

"சீட்டு எனக்குல்லா..."

"யாருக்கா இருந்தா என்ன, குடும்பத்துக்குக் கிடைச்சிருக்குல்லா! சென்டர் பேரச் சொல்லுங்க."

அழுதுகொண்டே, பழக்கதோஷம், வாய் பேரைச் சொல்லிவிட்டது. கிளைகள் எங்கெங்கே என்பதையும் சொன்னது.

நடைவழியின் முனையில் திருத்தில்லத்தின் வாசல். அப்பால் வேப்பமரங்கள் அசைந்தன. காவலர் அவரைச் சோதித்தார். "போதை ஏதும் வச்சிருக்கீரா?"

"மேல்பையில மூணு வில்லை மிச்சம் இருக்குங்க. எடுத்துக்கோங்க."

காவலர் பையைத் துழாவினார். உள்துணியை வெளியே இழுத்துக் காட்டினார். "ஒண்ணும் இல்லியே."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழிசை போய்க்கொண்டிருந்தாள். மற்றொரு கை பின்னலை ஒதுக்கி, பிடரியில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் தேங்க்ஸ் சொல்லவில்லை.

"திருடிட்டா!" அவர் அலறினார். "ஐயா, என் மவ திருடிட்டா! நெசமாவே திருடிட்டா! மறுபடி விசாரிங்க!"

நடுவி அடுத்த பெயரைக் கூப்பிட்டது. திருத்தில்லத்தின் கதவு மூடிக்கொண்டது.

கெட்ட வார்த்தை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தாய், மகன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"அந்தப் பிள்ளையப் பாத்துக் கத்துக்கோ."