நாலு மாத்திரை நாள்

"நேத்து அஞ்சு, இன்னிக்கு நாலு! அந்தப் பொடி வெள்ளை மாத்திரை எங்க மசுயோ? கால் முளைச்சு நடந்து போச்சா?"

"மருந்துக்கடையில போட்டுக் குடுத்த பொட்டலம்க்கா. தேதி, அத்தை பேரு எல்லாம் அச்சடிச்சே வருது. நான் கிழிச்சுக் குடுக்கறேன், அவ்வளவுதான். எடுத்துத் தின்னுட்டேன்னு சொல்றீங்களா?"

"முந்தாநாளும் நாலுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காணாமப் போற மாத்திரையை இப்பத்தான் பாக்கறேன்."

ஜன்னல் பாதிவரை பனி மூடியிருந்தும் இந்தச் சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. மாத்திரைக்குக் கணக்குக் கேட்ட இசோகோவுக்கு வயது ஐம்பத்துநாலு. வந்த வரன்களில் ஒருவனுக்குக் காது பெரிசு, ஒருவன் சூப்பை உறிஞ்சுகிறான் என்று ஒவ்வொருவராகத் தட்டிவிட்டுத் தாய்வீட்டிலேயே அதிகாரம் செய்துகொண்டிருந்தவள். தம்பி பெண்டாட்டி மசுயோ மூச்சை இழுத்தாலும் அதில் ஒரு கணக்கு இருக்கும் என்பது அவள் கட்சி. தம்பி கென்சாகு சண்டை முடியும்வரை நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தவன் அவன்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

எண்பத்தாறு வயது தோமி அம்மாளுக்கு இதயத்துக்கான மாத்திரை அது. அது இல்லாவிட்டால் அம்மா எத்தனை நாள்? இசோகோ அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். எங்கள் ஊரில் மிஞ்சிய மாத்திரையைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. எல்லார் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்ந்திருக்கும். தன் வீட்டு டப்பாவைத் துழாவி, அம்மாவுக்கு முன்பு மிஞ்சிய அதே பொடி வெள்ளை மாத்திரைகளைப் பொறுக்கினாள். நாலு மாத்திரை நாளில், மசுயோ குளியலறைப் பக்கம் போனதும், அம்மாவின் வாயில் ஒன்று. முன்னே திருடு போனதற்கு ஈடாக இன்னொன்று.

இரண்டாம் வாரம் அம்மா சாப்பாட்டை ஒதுக்கினாள். சோற்றின் ஆவி பட்டாலே குமட்டியது.

"இசோகோ, பனி ஏன் மஞ்சளாப் பெய்யுது?"

பனி வெள்ளையாகத்தான் பெய்தது. இசோகோவின் மனசு நேரே அடுப்படிக்குப் போனது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நெடி, ஊறுகாய் முள்ளங்கியின் புளிப்பு, ஈரக் காலுறைகள் காயும் வாடை எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, மசுயோ வைத்த மிசோ சூப்பின்மேல் குனிந்து, நாய்க்குட்டி மாதிரி அவள் மோந்து பார்த்தாள். சூப் வாசனைதான் வந்தது. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. சாக்கடையில் கொட்டினாள்.

கூரைமேல் கிடந்த பனி கனத்து, உத்தரம் எங்கோ மெல்ல முனகுவதும், பிறகு நெடுநேரம் ஒன்றுமே கேட்காமல் இருப்பதும், அந்த அமைதிக்குள் அம்மா யாருக்கோ மரியாதையாகத் தலைகுனிந்து பேசுவதும் பகல் முழுக்க நடந்தது.

"யார்கிட்டம்மா பேசற?"

"மூலையில இருக்காரே, அவருகிட்ட. மஞ்சளா இருக்காரு. ரொம்பப் பணிவானவரு."

"எப்ப வந்தாரு?"

"மொத நாளே வந்துட்டாரு. போகலை."

மசுயோ யாரையாவது உள்ளே விடுகிறாளா? இசோகோ வாசலுக்கு ஓடினாள். காலையில் விழுந்த பனி. மடிப்புக் கலையாத விரிப்பு. ஒரு தடம்கூட இல்லை.

வியாழக்கிழமை புதுப் பொட்டலங்களோடு மருந்துக்கடை ஒரிகாசா வந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தவர் கையை விடவேயில்லை.

"நாடி நாற்பதைத் தொடலை. இடையில வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"இவளைக் கேளுங்க," என்றாள் இசோகோ. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரையை எடுத்துடறா."

"எடுக்கலைம்மா. நாங்க வைக்கலை. கென்சாகுகிட்டதானே டாக்டர் சொன்னாரு? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்னு அம்மாவோட மருந்துக் குறிப்பு நோட்டுலயும் சீட்டு ஒட்டிக் குடுத்தேனே."

கென்சாகு சுவரைப் பார்த்தான். "ஏதோ சொன்னாரு... சிறுநீரகம்னு..."

ஒரிகாசா மேலே கையைக் காட்டினார். "உங்க கூரையையே பாருங்க. தினம் ஒரே அளவு பனிதான் விழுது. தள்ளுற ஆளுக்குத் தெம்பு இருக்கிறவரை கூரை தாங்கும். ஆளுக்கு வயசாயிட்டா அதே பனிதான் வீட்டை அமுக்கும். இந்த மருந்தைத் தள்ளுறது சிறுநீரகம். நல்லா இருந்தா ஒன்றரை நாள்ல பாதி வெளிய போயிடும். அம்மாவுக்கு நாலஞ்சு நாள் ஆகுது. அந்தப் பாதி போறதுக்குள்ள அடுத்தது வந்து ஏறிடுது. அதனாலதான் இடைவெளி விட்டோம். கண்ணுல மஞ்சள் தெரியறதும் அதனாலதான்."

இசோகோ பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மசுயோ டப்பாவின் மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஊர் மருத்துவமனையில் அம்மாவுக்குத் தனி அறை. மாத்திரையை அடியோடு நிறுத்தினார்கள். ரத்தத்தில் மருந்து அதிகம்தான், ஆனால் மெல்ல இறங்கிவிடும், உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். இசோகோ இத்தனை நாளில் முதல்முறையாக அழுதாள்.

திங்களன்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இறங்கவில்லை. ஏறியிருந்தது.

டாக்டர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்லேருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது. உள்ளேயும் போகக் கூடாது."

"என் பையைக் கொட்டிப் பாருங்க," என்றாள் மசுயோ. "அக்கா பையையும்."

"பாத்துக்கோ. நல்லாப் பாத்துக்கோ."

இரண்டிலும் கைக்குட்டையும் ஆரஞ்சுத் தோலும்தான் இருந்தன. அறைக்கு வெளியே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி காவல் காத்தார்கள். கழிப்பறைக்குப் போனாலும் சேர்ந்தே போனார்கள். செவ்வாயும் புதனும் அப்படியே. கென்சாகு வீட்டில் கூரைப் பனி தள்ளிக்கொண்டிருந்தான். உள்ளே நர்ஸ் மட்டும் வந்து போனாள். அவளும் டாக்டரின் கண்ணெதிரில்தான்.

புதன் மதியம் ரத்த முடிவு வந்தது. இன்னும் ஏறியிருந்தது.

இசோகோ மனசுக்குள் கணக்குப் போட்டாள்: குடுத்தது மசுயோ இல்லை. நான் இல்லை. நர்ஸ் இல்லை. அப்படியானால்...

இசோகோ எழுந்தாள். கதவில் சின்னக் கண்ணாடிச் சதுரம். முகத்தை ஒட்டினாள்.

பகல் வெளிச்சம். வெள்ளைச் சுவர். கட்டில்.

அம்மா தானாக உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகத் தலையைத் தூக்க முடியாதவள். முகம் காலியான மூலைப் பக்கம் திரும்பியிருந்தது. மோவாய் உயர்ந்தது. வாய் திறந்தது. நாக்கு வெளியே வந்தது. கூட்டில் குஞ்சு மாதிரி.

காத்திருந்தாள்.

நாக்கின் நடுவில் லேசாகக் குழி விழுந்தது. விரல் வைத்து அழுத்தினாற்போல.

வாய் மூடியது. தொண்டை ஏறி இறங்கியது.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அம்மா.

மறுபடி வாயைத் திறந்தாள்.

தோமி அம்மாள் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். பனி உருகும் முன்பே கென்சாகுவும் மசுயோவும் பனி அதிகம் விழாத ஓமியா நகரத்துக்குக் குடிபோனார்கள். நாத்தனாரிடம் முகவரி தரவில்லை. எங்கள் தெரு மூக்கில் விரல் வைக்கும்படி, ஏப்ரலில் இசோகோ டோஃபு கடைக் குராதாவைக் கட்டிக்கொண்டாள். சூப்பை உறிஞ்சுகிறான் என்று அவள் ஒருகாலத்தில் தட்டிவிட்ட அதே ஆள், இப்போது மனைவியை இழந்தவர். பொதுக் குளியலறையில் குராதா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னது: படுக்கும் முன் இசோகோ ஒரு துண்டால் வாயை இறுக்கக் கட்டிக்கொள்கிறாளாம், பின்னந்தலையில் இரட்டை முடிச்சு. ஆனால் காலையில் அவர் கண் விழிக்கும்போதெல்லாம் துண்டு நாலாக மடித்துத் தலைமாட்டில் இருக்கிறதாம். அவள் கண் மூடித்தான் இருக்குமாம். வாய் மட்டும் திறந்திருக்குமாம்.