கொடியில் ஓர் ஆண்சட்டை

யாரும் போடாத சட்டையின் கழுத்துப்பட்டையில் அழுக்குப் படிந்திருந்தது. முனீஸ்வரி விரலால் தடவிப் பார்த்தாள். பிசுபிசுத்தது. முகர்ந்தால், வியர்வையும் பீடியும் கலந்த வாடை.

சமயநல்லூரைத் தாண்டி, வயலை மனைகளாக்கிய இடத்தில் தனியாக நின்றது அவள் வீடு. சுற்றிலும் கருவேலம். தூரத்தில் லாரிகளின் இரைச்சல். புருஷன் முத்திருளன் போன பிறகு, வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கு வரச்சொல்லி மகன் அசோக்குமார் உயிரை எடுத்தான். அவர் ஒவ்வொரு செங்கலாகப் பார்த்துக் கட்டிய வீடு. விட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

மாடியேற முழங்கால் விடாததால், வெல்டிங் பட்டறை சோலையை வைத்துக் கொல்லையில் துணிக்கொடி போட்டாள். இரண்டு இரும்புக் குழாய்களைக் குழியில் நட்டு, ஜல்லியும் சிமெண்டும் போட்டு இறுக்கி, முறுக்குக் கம்பியை இழுத்துக் கட்டினான். சுண்டினால் 'டங்' என்றது.

"ஆளே தொங்குனாலும் தொய்யாதுக்கா" என்றவன், போகும்போது தயங்கினான். "சேலையா மட்டும் காயப்போடாதீங்க. ரோட்டுல போறவனுக்கு ஆம்பள இல்லாத வீடுன்னு தெரிஞ்சுபோகும். அண்ணன் சட்டை, கைலி ஏதாச்சும் தொங்கட்டும்."

நல்ல யோசனைதான். அம்புட்டு நீளக் கொடியில் அவளுடைய ஒற்றைச் சேலை தொங்குவதைப் பார்க்க அவளுக்கே அழுகை வந்தது. ஆனால் அவர் துணிகளையெல்லாம் கருமாதியன்றே, வழக்கப்படி, கொடுத்தனுப்பியாயிற்று. புதுச்சட்டை தொங்கினால் எவன் நம்புவான்? மாட்டுத்தாவணிக்குப் போனபோது, நடைபாதைப் பழந்துணிக் குவியலில் ஒரு நீலச் சட்டையும் கட்டம் போட்ட கைலியும் வாங்கிவந்தாள். புருஷன் துணியைக் கொடுத்தனுப்பியவளுக்கே, அந்தக் குவியலுக்குத் துணி எங்கிருந்து வரும் என்று தோன்றவில்லை.

லாரிப் புழுதியாக இருக்கும் என்று சட்டையைத் துவைத்துப் போட்டாள். மறுநாளும் அழுக்கு. முழங்கையில் மடிப்பு. கைலியின் இடுப்பில், கட்டி அவிழ்த்த கசங்கல். உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்தானோ? பிறகு பீடி வாடை நினைவுக்கு வந்தது. அவர் பீடியைக் கையால் தொட்டதில்லை.

வியாழக்கிழமை சிலிண்டர் கொண்டுவந்த சிவனாண்டி ஊருக்குப் புதியவன். "நேத்தும் வந்தேன்க்கா. நீங்க இல்ல. கொல்லையில அண்ணன் நின்னாரு. கூப்புட்டேன், திரும்பல. காது மந்தமோ?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சாயங்காலம் அசோக்குமார் போனில் கேட்டான். "பயமா இருந்தா சொல்லும்மா. நாளைக்கே வாரேன். வீட்டை வித்துருவோம்."

"எனக்கென்ன பயம்?" என்று வைத்துவிட்டாள்.

விளக்கு வைத்த பிறகு துணி கொடியில் கிடக்கக் கூடாது. இன்று அந்த இரண்டையும் கொளுத்திவிடுவது என்று தீப்பெட்டியோடு கொல்லைக்குப் போனாள். வானம் செம்மண் நிறத்தில் மங்கிக்கொண்டிருந்தது; எங்கோ சருகு எரியும் புகை; காற்றே இல்லாததால் சேலை அசையாமல் தொங்க, அதற்கு அந்தப்புறம் நீலச் சட்டையின் ஓரம் மட்டும் தெரிந்தது. சட்டை இருந்த இடத்தில் கம்பி தொய்ந்திருந்தது. நன்றாக. ஈரக் கம்பளி போட்டதுபோல.

அது காய்ந்த சட்டை.

சேலையைப் பிடித்தாள். இழுக்கவில்லை. அந்தப்புறம் மூச்சுச் சத்தம். ஏறியது. இறங்கியது. பீடி வாடை.

'டங்.'

கனம் இறங்கிய கம்பி மேலே துள்ளியது. சேலை அவள் கையோடு வந்துவிட்டது. கொடியில் கிளிப்புகள் மட்டும். சட்டை இல்லை. கைலி இல்லை. கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

பின்னால் சமையலறைக் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள். விளக்கு எரிந்தது.

உள்ளே அவள் போன் அடித்தது. அசோக்குமாராகத்தான் இருக்கும். அடித்துக்கொண்டே இருந்தது. பாதியில் நின்றது.

ஜன்னலில் நீலச் சட்டையின் முதுகு தெரிந்தது. காதோடு எதையோ வைத்துக் கேட்டபடி, மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் போகிறவர்கள் யார் பார்த்தாலும் ஆம்பளை இருக்கிற வீடு என்றுதான் நினைப்பார்கள்.