மழைக் கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண்?

“பத்துக்கு ரெண்டா?”

கணினித் திரையைப் பார்த்த கொளஞ்சியின் முகம் தொங்கிப்போனது.

வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்குக் கட்டுரை திருத்தும் கணினி புதிதாக வந்திருந்தது. கட்டுரையைத் தட்டச்சு செய்தால் போதும், கண் இமைப்பதற்குள் மதிப்பெண் போட்டுவிடும்.

கொளஞ்சி சின்ன வயதில் பெற்றோரோடு கேரளாவுக்குப் போய் அங்கே மலையாளத்தில் படித்து, சமீபத்தில்தான் ஊர் திரும்பியவன். தமிழில் எழுதினால் பிழைகள் வரிசைகட்டி வரும்.

“அரியலூர்ல நடக்கிற கட்டுரைப் போட்டிக்கு நான் வரல. இனிமே கட்டுரையே எழுத மாட்டேன்” என்றான்.

பக்கத்தில் இருந்த பிரவீணா அவன் கட்டுரையைப் படித்தாள்.

‘மழ வந்தா ஊரே சிறிக்கும். எங்கம்மா மட்டும் வெங்காயப் பட்டறய மூட ஓடும்.’

அறுவடை செய்த வெங்காயத்தைக் குவித்து வைத்திருக்கும் பட்டறை நனையக் கூடாதே என்று ஓடும் அம்மா கண்முன் வந்தார். பிரவீணாவுக்குச் சிலிர்த்தது. ‘மழை நமக்கு மிகவும் பயன்படுகிறது’ என்று தொடங்கிய அவள் கட்டுரைக்கு ஒன்பது மதிப்பெண். இது என்ன நியாயம்?

அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ‘மழை மிகவும் நல்லது’ என்ற ஒரே வரியைப் பக்கம் முழுக்க நிரப்பிக் கணினியிடம் கொடுத்தாள்.

‘ஒன்பது! அருமையான கட்டுரை!’ என்றது கணினி.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கவிதா டீச்சர் ஓடி வந்தார்.

“டீச்சர், இது படிக்கவே இல்லைங்க. நீளத்தையும் பிழையையும் மட்டும்தான் பாக்குது!”

எதற்கு எத்தனை மதிப்பெண் என்று காட்டும் அமைப்புப் பக்கத்தை டீச்சர் திறந்தார். பிரவீணா சொன்னது சரிதான். சொந்தக் கருத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் இருந்தது.

“கணினி வந்தப்போ இருந்தபடியே விட்டுட்டேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மாத்தலாம் போலிருக்கே!”

“அப்போ கொளஞ்சிக்குப் பிழைய விட்டுடலாமா டீச்சர்?”

“விட வேணாம். பிழைய அது காட்டட்டும். அதுக்காக மார்க்கைப் பிடுங்க வேணாம்.”

டீச்சர் மாற்றி அமைத்தார். கொளஞ்சிக்கு இப்போது எட்டு! பிழைகளின் கீழே சிவப்புக் கோடுகள் மட்டும் விழுந்தன.

“உனக்கு எப்படி வைக்கிறது பிரவீணா?”

பிரவீணா திரையில் இருந்த தன் ஒன்பதை ஒருமுறை பார்த்தாள்.

“எனக்குப் பிழை வராதுங்க டீச்சர். சொந்தமா எழுதினாத்தான் மார்க்னு வைங்க.”

அவளுடைய ஒன்பது, நான்காகச் சரிந்தது.

“அய்யய்யோ!” என்றான் கொளஞ்சி.

“சும்மா இருடா. திரும்ப எழுதுறேன்” என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மழையில் குடை பறந்துபோக, அதைத் துரத்திய அப்பாவின் வேட்டி சேறான கதையை எழுதினாள். ஏழு கிடைத்தது. முதலில் வாங்கிய ஒன்பதைவிட இந்த ஏழு அவளுக்கு இனித்தது.

கொளஞ்சியோ சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினான். போட்டிக்குப் பெயரும் கொடுத்தான்.

அரியலூர் மேடையில் அவன் வெங்காயப் பட்டறையைப் பற்றிப் படித்தான். முடித்ததும் கைத்தட்டல் அதிர்ந்தது. கடைசியில் நடுவர், “முதல் பரிசு, கொளஞ்சி!” என்று அறிவித்தார்.

முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் பிரவீணா பெஞ்சின் மேல் ஏறி நின்று, “எங்க கொளஞ்சிங்க!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.