ஹஸ்ஸானின் காருக்குப் போட்ட கவர்

மூன்று நாளாக யாரும் கிளப்பாத கார் அது. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வாசலுக்கு வந்த தஹ்மீனா கவர்மேல் கை வைத்தபோது, இப்போதுதான் ஓடிவந்து நின்றதுபோல் சுட்டது. கூத்தாநல்லூரில் விடிந்ததிலிருந்து தூறல்தான், வெயிலே இல்லை. ரப்பர் வாடை, ஈரத்துணி வாடை, அதற்கும் அடியில் கோழி அறுத்த இடத்து வாடை ஒன்று லேசாக வந்தது.

கார் அவள் கொழுந்தன் ஹஸ்ஸானுடையது. குவைத்திலிருந்து பணம் அனுப்பி மனைவி ஷமீரா பெயரில் எடுத்திருந்தான். அதே குவைத்தில் ஒன்பது வருஷம் கிடந்து வெறுங்கையோடு திரும்பியவன் தஹ்மீனாவின் கணவன் யூனுஸ். வெள்ளை வண்டி வந்து நின்ற அன்று தெருவே "மாஷா அல்லாஹ்" என்றது. நல்லதைக் கண்டால் கண்ணேறு படாமலிருக்க எல்லோரும் சொல்வதுதான். தஹ்மீனா சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. வயிறு எரிய எரியக் கண் நிறையப் பார்த்தாள். மறுநாளே ஷமீரா கவர் வாங்கிப் போட்டுவிட்டாள். யார் கண்ணுக்குப் பயந்து என்று தஹ்மீனாவுக்குத் தெரியாதா என்ன?

"ஈரம் உள்ளயே நின்னா பெயிண்ட் போயிரும்ங்கறாங்க லாத்தா," என்று ஷமீரா வந்தாள். "கவர் இருக்கட்டுமா, எடுத்துரலாமா?"

"எடுத்துரு."

இருவரும் உருவி, மடித்துச் சுவரோரம் வைத்தார்கள். வண்டி அப்படியே பளபளத்தது. இவளுக்கு மட்டும் எப்படி வாய்க்கிறது? தஹ்மீனா இமைக்காமல் பார்த்தாள். நாசமாப் போகட்டும் என்று மனசார நினைத்தாள்.

அப்போது யூனுஸ் சாவியோடு வெளியே வந்தான்.

"தம்பி ஃப்ளைட் ஆறு மணிக்கே வருதாம். பேசுன டாக்ஸி வரல. நானே திருச்சிக்கு இதுல போயிட்டு வந்துடறேன்."

"நீங்களா? வேணாங்க."

"ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதா?" அவன் சிரித்தான். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் பார்த்து எத்தனையோ வருஷம்.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு வார்த்தை. வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கார் தெருமுனை திரும்பியது. ஷமீரா உள்ளே போய்விட்டாள்.

பின்னால் சரசரப்பு.

காற்று இல்லை. மரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

திரும்பினாள்.

கார் நின்ற இடத்தில் கவர் நின்றது. தரைக்கு ஒரு சாண் மேலே, கூரை, கண்ணாடி, டிக்கி எல்லாம் உப்பி. அடியில் சக்கரம் இல்லை. ஈர சிமெண்ட் மட்டும்.

முன்பக்கம் நசுங்கியிருந்தது. டிரைவர் சீட் வரைக்கும்.

அங்கே துணி உருண்டையாகப் புடைத்திருந்தது. ஒரு தலை அளவுக்கு. ஸ்டியரிங்கில் கவிழ்ந்த மாதிரி.

அந்தத் தலை மெல்ல நிமிர்ந்து, துணிக்குள்ளிருந்தே அவள் பக்கம் திரும்பியது.