சுவரின் சூடு

கேத்தரினின் அக்குளில் இருந்த புது தெர்மாமீட்டர் பீப் என்று கத்தியது. ரெனால்ட் எடுத்துப் பார்த்தான். எண் வர வேண்டிய சின்னக் கண்ணாடியில் எண் இல்லை. 'லோ' என்று மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"குப்பை," என்றான்.

நான்கு வயது மகள் கேத்தரின் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி. மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாக ஆம்பூரின் டேனரி வாடை, ஊறின தோலும் சுண்ணாம்பும் கலந்தது, உள்ளே வந்து போர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. அதற்குள்ளிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்துகொண்டிருந்தது. பேரிங் தேய்ந்திருக்கும், அதுவும் குப்பைதான்.

காலையில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குக் கிளம்பும்போது அவன் மனைவி இவாஞ்சலின் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஜுரம் இருக்குங்க. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? நூத்தி ரெண்டு தாண்டிச்சுன்னா யோசிக்காதீங்க, ஆட்டோ புடிச்சி நேரா வந்துடுங்க. போன வருஷம் ஜுரத்துல இழுப்பு வந்து கைகால் வெட்டுனத மறந்துடாதீங்க."

"பதினோரு வருஷமா நர்ஸு. இன்னும் கையாலதான் ஜுரம் பாக்குற."

"கைக்குத் தெரியும்."

"கைக்கு ஒரு மண்ணும் தெரியாது. உன் கை சில்லுனு இருந்தா ஊருக்கே ஜுரம்."

ரெனால்ட் ஒரு டேனரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். பதனிட்ட தோலின் ஒரு துண்டைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றி, எந்த டிகிரியில் அது சுருங்குகிறது என்று பார்த்துச் சொல்வான். தோல் பொய் சொல்லாது, மனிதர்கள்தான் சொல்வார்கள் என்பது அவன் கட்சி. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கருவியின் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கிடங்குக்குக் கொண்டுபோய், உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோலின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். செத்த தோலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. அறையின் சூடுதான் அதன் சூடு. சுவர் காட்டுவதையே தோலும் காட்டினால் கருவி சரி. காட்டாவிட்டால் கருவியைத் தூக்கி எறிய வேண்டும்.

மதியம் அடுத்த வீட்டு ரஃபத் ஜஹானைக் குழந்தைக்குக் காவல் வைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனான். பத்து நிமிட வேலை ஒரு மணி நேரம் ஆனது. கடைக்காரர் கோபிநாத் முதலில் காதில் வைப்பதை எடுத்துக் காட்டினார்.

"செவிப்பறையோட சூட்ட எடுக்கணும்," என்றான் ரெனால்ட். "சின்னக் காதுல கொஞ்சம் சாஞ்சா அழுக்கத்தான் அளக்கும்."

"அப்ப நெத்தியில காட்றது? தொடவே வேணாம் சார்."

"வேர்வை இருந்தா கம்மியா காட்டும். வெயில்ல வந்தா ஜாஸ்தியா காட்டும். நீ இத வித்துக்கினு இருக்கியே, எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா?"

"எனக்கு இன்னாத்துக்கு சார் அந்த பேஜாரு? வாங்கறவங்க வாங்கிக்கினு போறாங்க. நீங்க ஒருத்தர்தான் அதுக்குப் பொண்ணு பாக்குறீங்க."

கடைசியில் அக்குளில் வைக்கும் மின்னணுக் குச்சியை வாங்கினான். அதன் முனையில் கடுகளவு மணி ஒன்று இருக்கிறது. சூடு ஏற ஏற அதற்குள் மின்சாரம் எளிதாக ஓடும். எவ்வளவு எளிதாக என்பதை உள்ளே இருக்கும் சில்லு எண்ணாக மாற்றும். எளிய, நேர்மையான அமைப்பு. அது இப்போது 'லோ' என்கிறது. முப்பத்திரண்டு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் அப்படிச் சொல்லும்.

தன் அக்குளில் வைத்தான். 36.7. மறுபடி மகளிடம். லோ.

வாசலில் செருப்புச் சத்தம். ரஃபத் ஜஹான் பழைய பாதரசத் தெர்மாமீட்டரை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். "இத வெச்சிப் பாருங்க தம்பி, எங்க பசங்களுக்கெல்லாம் இதான்." கேத்தரினின் கழுத்தில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல." அவள் தன் கையைப் புடவையில் துடைத்தாள். ஒரு முறை, இன்னொரு முறை. "நீங்க கடைக்குப் போயிருந்தப்ப உள்ள பேச்சுக் குரல் கேட்டுச்சு தம்பி. ரெண்டு குரல். தூக்கத்துல பொலம்புறான்னு நெனச்சேன். இவாஞ்சலினுக்குப் போன் போடுங்க."

"வார்டுல போன் எடுக்க விட மாட்டாங்க. அஞ்சு மணிக்கு அவளே பண்ணுவா."

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். படித்தவர்களே இப்படி என்றால் இவளைச் சொல்லி என்ன பயன் என்று நினைத்துக்கொண்டான்.

பாதரசத்தை உதறி இறக்கினான். குமிழுக்கு மேலே கண்ணாடி ஒரு மயிரிழைக்குக் குறுகியிருக்கும். ஏறிய பாதரசம் அந்த இடுக்கால் தானாகத் திரும்ப முடியாது. அதனால்தான் வெளியே எடுத்த பிறகும் எண் நிற்கிறது. யாரோ ஒருவரின் அழகான மூளை. மகளின் கையைத் தூக்கி அக்குளில் வைத்தான். கை சுடவில்லை. குளிரவும் இல்லை. நாற்காலியின் கையைத் தூக்கியது போல் இருந்தது.

ஐந்து நிமிடம். வெள்ளிக் கோடு ஏறவே இல்லை.

"டாடி," என்றாள் கேத்தரின். "அவ அழுவுறா."

"யாரு?"

அவள் பீரோ பக்கமாகப் பார்த்துவிட்டு மறுபடி அவனைப் பார்த்தாள்.

எரிச்சலோடு எழுந்து மின்விசிறியை நிறுத்தினான். இறக்கைகள் மெதுவாகி, தள்ளாடி, நின்றன.

முனகல் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியாக இருக்கும். தன் பைக்குள் கிடந்த, கூடத்தில் தொடாமலே சூடு அளக்கும் துப்பாக்கியை எடுத்தான். இது மருந்துக்கடைப் பொம்மை இல்லை. 'லோ' என்று நழுவாது, உள்ளதைச் சொல்லும். அது பாய்ச்சும் சிவப்புப் புள்ளிதான் அளக்கிறது என்று டேனரியில் பாதிப் பேர் நம்புகிறார்கள், முட்டாள்கள். புள்ளி குறி பார்க்க மட்டும். அளப்பது முன்னால் உள்ள வில்லை. எதிரே இருக்கும் பரப்பிலிருந்து வரும் சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. பரப்பு வேண்டும். வெறும் காற்றை அது அளக்காது.

சுவர். 31.4.

தலையணை. 31.4.

தன் உள்ளங்கை. 34.8.

மகளின் நெற்றி. 31.4.

கன்னம். 31.4. திறந்த வாய்க்குள். 31.4.

கிடங்கு ஞாபகம் வந்தது. அடுக்கி வைத்த தோல்கள். கருவி சரி. மூன்று கருவியும் சரி. இவ்வளவு நேரமும் அவை ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அவன்தான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கேத்தரின் சிரித்தாள். அவள் ஒரு முறைகூடக் கண் சிமிட்டவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான்.

பின்னால் நகர்ந்தான். துப்பாக்கி சுவரில் அலைந்தது. 31.4. 31.4. பீரோ. 31.4. பீரோவுக்கும் சுவருக்கும் இடையே உள்ள மூலை.

39.2.

அங்கே யாரும் இல்லை. பூசிய சுவரும் தரையும்தான். ஆனால் சிவப்புப் புள்ளி சுவரில் விழவில்லை. சுவருக்கு ஒரு முழம் முன்னால், காற்றில், அவன் இடுப்பு உயரத்தில் நின்றது.

மேலே உயர்த்தினான். புள்ளி சுவருக்குப் போனது. 31.4. கீழே. மறுபடி காற்றில் நின்றது. 39.3. மூளை தானாக ஃபாரன்ஹீட்டுக்குக் கணக்குப் போட்டது. ஒன்று புள்ளி எட்டால் பெருக்கி, முப்பத்திரண்டைக் கூட்டு. நூற்றி இரண்டு புள்ளி ஏழு.

தாண்டிவிட்டது.

முனகல் அங்கிருந்துதான்.

39.6.

39.9.

துப்பாக்கியைக் கீழே போட்டான். மண்டியிட்டான். கையை நீட்டினான், புறங்கையை, இவாஞ்சலின் வைப்பது போல.

சுட்டது. ஈரமான முடி. சின்ன நெற்றி. உலர்ந்த உதடு அவன் மணிக்கட்டில் உரசியது. கொதிக்கும் விரல்கள் அவன் கட்டைவிரலைத் தேடிப் பிடித்தன, தூங்கும்போது கேத்தரின் பிடிக்கிற அதே பிடி.

கட்டிலின் மேல் கைபேசி அடித்தது. அடிப்பது நின்றது. எடுத்தாகிவிட்டது.

"மம்மி," என்றது பின்னால் அவன் மகளின் குரல், தெளிவாக, உற்சாகமாக. "எனக்கு ஜுரமே இல்ல மம்மி. டாடி எல்லாத்துலயும் பாத்துட்டாரு."

கட்டைவிரலைப் பிடித்திருந்த விரல்கள் வெடுக்கென்று இழுத்தன. விட்டன. மறுபடி இழுத்தன.