பச்சை முகத்துக்காரி

போன் அலறியது.

பிரேமாவதி பாய்ந்து எடுத்தாள்.

"ஒம் புருசன் எங்கிட்ட இருக்கான்." வாயில் துணியைப் பொத்திப் பேசும் கரகரப்பான குரல். "வீட்ல இருக்குற நடனக்காரிங்க படத்த எடுத்துக்கிட்டு தஞ்சோங் டாவாய் ஜெட்டிக்கு வா. தனியா."

"அவர்கிட்ட ஒரு வார்த்த பேச விடுங்கண்ணே... கெஞ்சிக் கேக்குறேன்."

"பேசற நெலமையில இல்ல. பிடிச்சதிலேருந்து மயக்கந்தான். வாயே தொறக்கல."

தொடர்பு அறுந்தது.

காலையில் மீன் வாங்கப் பாசாருக்குக் கிளம்பிய நடராஜா... வாசல் கேட் ஓரம் கிடந்த அவன் சட்டை... அதில் ரத்தம்!

அந்தப் படம் அவள் அப்பா விட்டுப்போனது. மெர்போக் தோட்டத்தில் அந்தக் காலத்துத் துரை ஒருவர் வரைந்தது. ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வருடக்கணக்காகத் தொங்கிக் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது நடனமாடும் சில கரிய நிழல்கள்தான்.

விற்றுவிடலாம் என்று நடராஜா நச்சரித்தான். அவள் மசியவில்லை. நேற்று கதவைச் சாத்திக்கொண்டு, இருவருமாகப் பஞ்சை நனைத்து ஒரு மூலையைத் துடைத்தார்கள்.

அம்மாடி!

கரிக்குள்ளிருந்து ஆரஞ்சு வானம் பீறிட்டது. தீயாகச் சுழலும் சிவப்புச் சேலை... துள்ளும் நீலக் கால்... ஒருத்தியின் முகமோ பச்சைப்பசேல்! ஆடிக்கொண்டே வெளியே குதித்துவிடுவாள் போலிருந்தது.

இப்போது அதெல்லாம் எதற்கு? புருஷன் உயிரோடு வந்தால் போதும். படத்தைப் பாத்திக் துணியில் சுற்றினாள். போலீசுக்கு ரகசியமாகச் சொல்லிவிட்டுக் காரை விரட்டினாள். வழியெல்லாம் அழுகை.

ஜெட்டி. மீன் வாடை. ஆற்றோரம் ஒரு வெற்றுப் படகு. ஆள் அரவமே இல்லை.

மறுபடியும் போன்.

"படகுல வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம போ. பாத்து வைலா... அந்தப் பச்ச மூஞ்சிக்காரி மேல வெரலு படக்கூடாது. பெயிண்ட் உதுந்துரும்."

பிரேமாவதி விக்கித்து நின்றாள்.

பச்சை முகமா?

எந்தப் பெண்ணுக்கு முகம் பச்சையாக இருக்கும்? ஊகித்துச் சொல்லக்கூடிய நிறமா அது? பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள். இன்னொருவன் மயக்கத்தில்... வாயே திறக்காமல்...

அழுகை நின்றது.

ஜெட்டியின் விளிம்புக்கு நடந்தாள். படத்தை ஆற்றுக்கு மேல் நீட்டினாள்.

"இந்தச் சனியன் இருக்குறதாலதான் எல்லாக் கஷ்டமும். ஆத்துல வீசிடறேன்," என்றாள் போனில்.

"பிரேமா, வேணாம்லா!"

கரகரப்பைக் காணோம்! ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான் நடராஜா. கட்டு இல்லை. காயம் இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

தூரத்தில் சைரன்.

பிரேமாவதி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போலீஸ் வராங்க. கடத்துனவன் எப்படி இருப்பான்னு கேப்பாங்க... கார் கண்ணாடியப் பாத்துச் சொல்லிடுங்க."